ஏழாவது தீர்மானம்

எங்கள் நாட்டில் ஜனநாயகம் மெலிந்து கிடக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அதைத் தேற்றிவிட வருகிறவர்களுக்கு நாற்காலி போடுகிறவன் நான். பெயர் டிகாராம் கார்க்கி. பதினெட்டு வருஷமாக இந்த அலுவலகத்தில் உதவியாளன். அப்போது இது கிராம அலுவலகம், இப்போது நாலாம் வார்டு அலுவலகம்; பலகை மாறியது, நாற்காலிகள் அவையேதான். கூட்டம் என்றால் விரிப்பு விரிப்பேன், தேநீர் கொடுப்பேன், வருகிறவர்கள் சட்டையில் ரிப்பன் பூ குத்துவேன், தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்ப் பேனா மூடியைத் திறந்து நீட்டுவேன்.

தீர்மானப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வார்டில் முதலில் கையெழுத்து, பிறகு கூட்டம், அதற்கும் பிறகு தீர்மானம். உறுப்பினர்கள் வந்ததும் வராததுமாகப் பக்கத்தின் அடியில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். யாருக்கு மாட்டைக் கறக்க நேரமாகும், யாருக்குப் பேருந்து போய்விடும் என்று சொல்ல முடியாதல்லவா? மேலே காலியாக விட்ட இடத்தில் செயலாளர் பிரேம் ரிமால் இரண்டு நாள் கழித்து, வெயில் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அழகான கையெழுத்தில் தீர்மானங்களை நிரப்புவார். இடம் மிஞ்சினால் தீர்மானம் ஒன்று கூடும். இதில் யாரும் குற்றம் கண்டதில்லை. பக்கத்து வார்டிலும் இப்படித்தான்.

சுகமாயா மிஜார் உறுப்பினரானது அவள் விருப்பத்தால் அல்ல. சட்டப்படி வார்டுக்குத் தலைவர் போக நாலு உறுப்பினர். அதில் ஒருவர் கட்டாயம் தலித் பெண்ணாக இருக்க வேண்டும். மனுத் தாக்கலுக்கு முதல்நாள் வரை தலைவர் லோகநாத் கிமிரேக்கு அது ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு காபலேவுக்கு இறங்கினார். காபலே எங்கள் வார்டின் அடிச்சரிவில் இருபத்தேழு தலித் வீடுகள். சுகமாயா ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். கணவன் மலேசியாவுக்குப் போய்ப் சவப்பெட்டியில் திரும்பி நாலு வருஷம் ஆகியிருந்தது.

“ஏ சுகமாயா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?” என்றார் தலைவர், வேலிக்கு வெளியே நின்றபடி.

“எனக்குப் படிப்பு இல்லையே ஐயா.”

“படிப்பு எதுக்கு? நாங்க நாலு பேரு படிச்சவங்க இருக்கோம்ல. நீ வந்து உக்காந்தா போதும்.”

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். “உக்காந்தா எங்க ஊருக்குக் குழாய் வருமா?”

“குழாய் என்ன குழாய், நீ உறுப்பினரானா ஆறே வரும்!” என்று தலைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்று மாலையே வீடு வீடாகப் போய், குழாய் வரப்போகிறது என்று சொல்லிவிட்டாள். இருபத்தேழு வீடும் ஓட்டுப் போட்டது.

காபலேவுக்குத் தண்ணீர் என்பது ஊருக்குக் கீழே பாறை இடுக்கில் ஒரு ஊற்றுக்குழி. வறண்ட சைத்ர மாதத்தில் ஒரு குடம் ஊறக் கால்மணி நேரம் ஆகும். சரிவுக்கு மேலே, மேலூரில் கோயிலை ஒட்டிக் குழாய் இருக்கிறது. தீண்டாமை சட்டப்படி குற்றம், ஆகவே அங்கே யாரும் யாரையும் தடுப்பதில்லை. காபலே பெண்கள் குடத்தோடு ஏறி வரும்போது குழாய் பூட்டியிருக்கும், அவ்வளவுதான். சாவி யாரிடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவர்கள் இறங்கிப் போனதும் சாவி கிடைத்துவிடும். போன வருஷம் சுகமாயாவின் ஓரகத்தி பூல்மதி நிறைகுடத்தோடு சரிவில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். இப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்கிறாள்.

அலுவலகத்தில் ஆறு எவர்சில்வர் தம்ளர்கள் உண்டு. சுகமாயாவுக்கு மட்டும் காகிதக் கோப்பை. பெண் உறுப்பினரின் ஆரோக்கியத்தைக் கருதி என்று தலைவர் விளக்கம் சொன்னார். அந்தக் கோப்பைகளைக் கடையில் வாங்கி வருவது நான். தேநீர் ஊற்றி, அவள் விரல் என் விரலில் படாமல் மேஜையில் வைப்பதும் நான்தான். பதினெட்டு வருஷத்தில் எனக்கு நன்றாகப் பழகிய வேலைகளில் அதுவும் ஒன்று.

ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியில் அவள் ஒரே ஒரு தடவை, எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு ஒரு ‘ஜ்யூ’ சேர்த்து, வாய் திறப்பாள்.

“தலைவர்ஜ்யூ, எங்க குழாய்?”

“ரிமால்ஜ்யூ, எழுதிக்கோங்க.”

ரிமால் பேனாவைக் காற்றில் அசைப்பார். “எழுதியாச்சு.”

இப்படி மூன்று வருஷம், நாற்பத்தொரு கூட்டம்.

இதற்கிடையே திட்டம் வந்தது. அதன் முழுப்பெயர் ‘பொறுப்புக்கூறும் மற்றும் அனைவரையும் உள்ளடக்கும் உள்ளாட்சி அமைப்புகளை வலுவூட்டும் திட்டம், இரண்டாம் கட்டம்’. முதல் கட்டம் எப்போது நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாமலே அது வெற்றி பெற்றிருந்தது. காத்மாண்டுவிலிருந்து நிலிமா மேடம் வந்தார். நல்ல மனுஷி. எல்லோரையும் கைகூப்பி வணங்குவார், எனக்கும் ஒரு தொப்பி கொடுத்தார். அவர் கையில் ஒரு படிவம் இருந்தது. அதில் பெண், தலித், தனித்து வாழும் பெண், ஏழை, பின்தங்கிய பகுதி என்று கட்டங்கள். சுகமாயாவைக் கண்டதும் ஒவ்வொரு கட்டமாக டிக் அடித்துக்கொண்டே போனவர், ஐந்தாவது டிக்கில் கண்கலங்கிவிட்டார்.

“அஞ்சு கட்டமும் ஒரே ஆளு! இப்படி ஒருத்தங்களை நான் ஏழு மாவட்டத்துல பாக்கல,” என்றார் தலைவரிடம்.

“எங்க வார்டு எப்பவுமே முன்மாதிரி மேடம்,” என்றார் தலைவர்.

அந்தத் திட்டத்தில் ஒரு வகுப்பு நடந்தது. கைநாட்டு வைக்கும் பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பார்கள். எழுத்துக் கற்றுக்கொடுப்பது திட்டத்தில் இல்லை, அது வேறு திட்டம். சுகமாயா இருபத்திரண்டு நாள் தரையில் குச்சியால் கிறுக்கிக் கிறுக்கித் தன் பெயரை எழுதப் பழகினாள். அந்தப் பெயரில் இல்லாத ஓர் எழுத்தை இன்றைக்குக் காட்டினாலும் அவளுக்குத் தெரியாது. அடுத்து வந்த பைசாக் மாதக் கூட்டத்தில் நான் மைப்பெட்டியை நீட்டியபோது, “வேண்டாம் அண்ணே, பேனா குடுங்க,” என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, மேலே காலியாக இருந்த பக்கத்தின் அடியில், கோணல்மாணலாகப் போட்டு முடித்து நிமிர்ந்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் கைதட்டினேன். இப்போது நினைத்தால் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம் வந்தது பொது விசாரணை. மக்கள் நேராகக் கேட்பார்கள், வார்டு நேராகப் பதில் சொல்லும்; அதுதான் பொறுப்புக்கூறல் என்று மேடம் சொன்னார். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டோம். சுகமாயா முதல் நாளே காபலேவில் சொல்லி வைத்திருந்தாள். பூல்மதியோடு ஒன்பது பெண்கள் அன்றைக்குத் தண்ணீர் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

பதினோரு மணிக்கு நிகழ்ச்சி என்றால் பதினோரு மணிக்கு ஆசனமேற்றம் தொடங்க வேண்டும். அதாவது, ஒவ்வொரு விருந்தினரையும் பதவியோடும் பட்டத்தோடும் ஒலிபெருக்கியில் அழைத்து, மேடைக்கு ஏற்றி, கழுத்தில் கதா சால்வையும் நெஞ்சில் ரிப்பன் பூவும் போட்டு உட்காரவைப்பது. நகராட்சித் தலைவர், துணைத் தலைவர், ஐந்து கட்சிகளின் பிரதிநிதிகள், முன்னாள் தலைவர்கள், வருங்காலத் தலைவர்கள் என்று முப்பத்துமூன்று பேர். மேடையைப் பார்த்த மேடம் முகம் சுளித்தார்.

“இது எல்லாரையும் உள்ளடக்கினதா இல்லையே. பெண்கள் எங்க? இளைஞர்கள் எங்க? மாற்றுத்திறனாளி?”

தலைவர் அசரவில்லை. மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் கண்ணில் பட்ட பெண்களை, இளைஞர்களை, கால் ஊனமான தபால்காரரை எல்லாம் மேடைக்கு அழைத்தார். முன்வரிசையில் இருந்த காபலே பெண்கள் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. நான் வகுப்பறை பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆசனமேற்றம் முடியும்போது மணி ஒன்றே கால். மேடையில் ஐம்பத்தெட்டு பேர், கீழே பத்தொன்பது பேர். இவ்வளவு உள்ளடக்கிய மேடையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. சுகமாயாவை நடுவில், மேடம் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். படம் எடுக்க வசதியாக இருக்கும் என்றார்கள்.

பிறகு பேச்சு. ஒவ்வொரு பேச்சாளரும் மேடையில் இருக்கிற அத்தனை பேரையும் முறைப்படி விளித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒருவரை விட்டால் அடுத்த தேர்தலில் தெரியும். ஐம்பத்தேழு பேரை விளிக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. விளித்து முடித்ததும் தொண்டை வறண்டு, “நேரம் குறைவாக இருப்பதால் சுருக்கமாக முடிக்கிறேன்,” என்று பலர் உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் தலைவர் மட்டும் மனம் திறந்து பேசினார்.

“பொறுப்புக்கூறல்னா என்ன? நான் ராத்திரி பகலா யோசிச்சேன். முன்னாடி ஒரு தப்பு நடந்தா, யாரு செஞ்சதுன்னே தெரியாது. மக்கள் தலைவரைத்தான் திட்டுவாங்க. அது நியாயமா? இப்ப இந்தத் திட்டம் வந்த பெறகு, எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கு. கையெழுத்து இருக்கு. யாரு செஞ்சாங்கன்னு தெளிவா காட்டிடலாம். என் தலையில இருந்த பெரிய பாரம் இறங்கிடுச்சு!”

மேடம் கைதட்டினார். மேடையில் மற்ற ஐம்பத்தேழு பேரும் கைதட்டினார்கள்.

நாலரைக்கு மக்கள் கேள்வி நேரம் வந்தது. ஐந்து மணிக்கு மேடத்தின் வண்டி கிளம்ப வேண்டும். மைதானத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. காபலே பெண்கள் ஒன்பது பேரும் சுகமாயாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்தாள்.

“நான் கேக்கணும்.”

ரிமால் குனிந்து மேடத்தின் காதில் ஏதோ சொன்னார். மேடம் படிவத்தைப் புரட்டினார். விதிப்படி மேடையில் இருக்கிறவர்கள் பதில் சொல்கிறவர்கள்; கேட்கிறவர்கள் கீழே இருக்க வேண்டும். சுகமாயா கீழே இறங்கினால் கேட்கலாம். ஆனால் இறங்கினால் மேடையில் தலித் பெண் யாரும் இல்லாமல் போய்விடும். மூன்று நிமிஷம் ஆலோசனை நடந்தது. கடைசியில், அவள் நாற்காலியில் அவளுடைய சால்வையைப் போட்டு வைப்பது என்று முடிவாயிற்று.

அவள் இறங்கி வந்து ஒலிபெருக்கி முன் நின்றாள்.

“மூணு வருஷமா கேக்குறேன். எழுதியாச்சு எழுதியாச்சுங்கிறீங்க. எங்க அக்கா இடுப்பு ஒடஞ்சு கெடந்தா. எங்க குழாய் எங்க?”

நல்ல கேள்வி என்று மேடம் சொன்னார். தலைவர் ரிமாலைப் பார்த்தார். ரிமால் என்னைப் பார்த்தார். நான் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் பக்கத்தைத் தேடவே இல்லை, காகிதத் துண்டு வைத்து அடையாளம் செய்து வைத்திருந்தார்.

“போன பைசாக் மாதக் கூட்டம். ஏழாவது தீர்மானம்,” என்று ரிமால் வாசித்தார். “காபலே பகுதிக்கு ஏற்கனவே இயற்கை ஊற்று இருப்பதாலும், அப்பகுதி மக்கள் வளர்ச்சியில் பெருநோக்கு உடையவர்கள் என்பதாலும், அங்கே போடவிருந்த குடிநீர்க் குழாய்க்கான பணியை மேலூர்ப் பார்வைக் கோபுரம் கட்டும் பணியாக மாற்றிக்கொள்ளலாம் என்று மாண்புமிகு உறுப்பினர் சுகமாயா மிஜார் முன்மொழிய, ஏகமனதாக நிறைவேறியது.”

புத்தகத்தைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். அடியில் அந்தக் கோணல்மாணலான கையெழுத்து.

சுகமாயாவுக்கு முதலில் விளங்கவில்லை. “நானா? நான் எப்ப சொன்னேன்?”

“கையெழுத்து உங்களுதுதானே?”

“என்னுதுதான். ஆனா அதுல இது இல்லையே. என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ரிமால் ரொம்பப் பொறுமையாக விளக்கினார். “கைநாட்டா இருந்தா, வாசிச்சுக் காட்டின பெறகுதான் வாங்கணும்னு விதி இருக்கு. கையெழுத்துன்னா, வாசிச்சுட்டுத்தான் போட்டீங்கன்னு அர்த்தம். நீங்க கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்க. மேடமே சான்றிதழ் குடுத்திருக்காங்க.”

மேடம் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் வந்ததை நான் பார்த்தேன். மணியைப் பார்த்துக்கொண்டதும் அது போய்விட்டது.

சுகமாயா சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் கண் என்மேல் வந்து நின்றது.

“டிகாராம் அண்ணே. நீங்கதான பேனா குடுத்தீங்க. நீங்க சொல்லுங்க. அன்னிக்கு மேல ஒண்ணும் எழுதல. வெறும் தாளுதான?”

மைதானம் முழுவதும் என்னைப் பார்த்தது. மேடையில் ஐம்பத்தேழு பேர் பார்த்தார்கள். தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

“எனக்கு ஞாபகம் இல்ல,” என்றேன்.

நாற்பத்தொரு பக்கமும் வெறும் தாள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. எந்தெந்தப் பக்கத்தில் எந்தப் பேனாவைக் கொடுத்தேன் என்பது கூட ஞாபகம் இருக்கிறது. அவள் என்னைத் திட்டவில்லை. சும்மா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மேடம் ஒலிபெருக்கியை எடுத்தார். “இதுதான் நாம எதிர்பார்த்த மாற்றம். ஒரு தலித் சகோதரி, தானே முன்மொழிஞ்ச தீர்மானத்துக்கு, மக்கள் முன்னாடி வந்து பொறுப்பேத்துக்கிட்டாங்க. யாராவது பொறுப்பு ஏத்துக்கிட்டு நீங்க பாத்திருக்கீங்களா? இவங்க ஒருத்தர்தான்!”

அது உண்மைதான். எங்கள் வார்டில் பொறுப்பானவர் என்று எழுத்துபூர்வமாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரே ஆள் சுகமாயாதான். உடனே அங்கேயே ஒரு பாராட்டுப் பத்திரம் தயாரானது. பெயரை எழுதக் காலியாக விட்ட பத்திரங்கள் மேடத்தின் பெட்டியில் கட்டாக இருந்தன. படம் எடுத்தார்கள். படத்தில் பத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

காபலே பெண்கள் ஒன்பது பேரும் எழுந்து, வரிசையாக மைதானத்தை விட்டு இறங்கிப் போனார்கள். பூல்மதி கடைசியாகப் போனாள், ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு. சுகமாயா, “அக்கா, நில்லு! அக்கா!” என்று பின்னால் ஓடினாள். பூல்மதி நிற்கவில்லை.

மறுநாள் காலை ரிமால் என்னைக் கூப்பிட்டார். விசாரணையின் அறிக்கைக்கு எல்லா உறுப்பினர்களின் கையெழுத்தும் வேண்டும். சுகமாயா அலுவலகத்துக்கு வரவில்லை. “போய் வாங்கிட்டு வந்துடுங்க,” என்றார். அறிக்கை இன்னும் எழுதப்படவில்லை. புத்தகத்தை அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

அவள் வீட்டில் இல்லை. ஊற்றுக்குழிக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அங்கே எப்போதும் சந்தைக் கூச்சலாக இருக்கும். சுகமாயாவும் பூல்மதியும் இருபது வருஷமாக அந்தக் குழியில் யார் முறை என்று சண்டை போடுகிறவர்கள். ‘ஏண்டி, கண்ணு அவிஞ்சுபோச்சா, என் குடத்த எதுக்குடி நகத்துற?’ என்று பூல்மதி கத்துவது மேலூர் வரைக்கும் கேட்கும். மாலையில் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் வறுத்த சோளத்தைத் தின்பார்கள்.

அன்று சத்தமே இல்லை. சுகமாயா குடத்தோடு வந்து, எப்போதும் போல வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் விலகி வழி விட்டார்கள்.

பூல்மதி கைகூப்பினாள். “மெம்பரம்மா, நீங்க வாங்க. நீங்க மொதல்ல மொண்டுக்குங்க.”

சுகமாயா அப்படியே நின்றுவிட்டாள். “என்னக்கா இது? என்னப் போயி நீங்கன்னு சொல்ற?”

“பெரியவங்க நீங்க. உங்களுக்கு முன்னாடி நாங்க எப்படி எடுக்கிறது?”

“சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. என் புருஷன் மேல ஆணையா தெரியாது.”

“தெரியுமோ தெரியாதோ, அது உங்க ஆபீசு சமாச்சாரம். எங்களுக்கு அதெல்லாம் புரியாதுங்க.”

“அக்கா, திட்டுக்கா. எப்பவும் திட்டுவியே, அந்த மாதிரி திட்டு. குடத்தத் தூக்கி எறி. அடிக்கக்கூட செய்.” அவள் அழுதுகொண்டிருந்தாள். “நீங்கன்னு மட்டும் சொல்லாத.”

பூல்மதி தலைகுனிந்து, மரியாதையாக, இன்னும் ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். மற்றவர்களும் தள்ளி நின்றார்கள். யாரும் கோபமாகப் பார்க்கவில்லை. தலைவருக்கு முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றார்கள்.

சுகமாயா மொள்ளவில்லை. அவள் மொள்ளாமல் அவர்களும் மொள்ளவில்லை. வெகுநேரம் அப்படியே போனது. புத்தகத்தைப் பிடித்தபடி நானும் நின்றேன். அந்தக் குழி நிறைந்து நான் பார்த்ததில்லை. அன்று விளிம்பு வரை நிறைந்தது. நிறைந்து, காலிக் குடங்களின் பக்கத்தில் வழிந்து, சரிவில் இறங்கிக் காய்ந்த மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது.